பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கிறதா? அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்கிறோம். இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே கதை. சரி, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புதிது வாங்கிப் போட்டால், பதினைந்தே நாளில் அதுவும் படுத்துவிடுகிறது. என் காரில் இப்படி ஒரு பேட்டரியை வீணாக வாங்கிய பிறகுதான் நான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்.

இதை வீட்டுக் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி கையிருப்பு. ஆல்டர்னேட்டர், அதாவது ஒர்க்‌ஷாப்பில் டைனமோ என்று சொல்லப்படுவது, வரவு. வண்டி நிற்கும்போதும் சத்தமில்லாமல் ஓடும் மின்சாரம் செலவு. கையிருப்பு காலியானால் வரவு நின்றதா, செலவு மிஞ்சியதா, வைத்திருந்த பெட்டியே ஓட்டையா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் பிரிக்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். பிரிப்பதற்கு வேண்டியது நான்கைந்து அளவுகள்தான்.

தொடங்கும் முன்

நேர் மின்னோட்டத்தில் 10 ஆம்பியர் வரை அளக்கும் சாதாரண மல்டிமீட்டர், கம்பி பிரஷ், டெர்மினலுக்கு ஏற்ற ஸ்பேனர், ஒரு டார்ச். இவ்வளவு போதும். கையில் மோதிரமோ உலோகப் பட்டையுள்ள கைக்கடிகாரமோ இருந்தால் கழற்றிவிடுங்கள். டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் பாலமாகிவிட்டால் விரல் வெந்துவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே அருகில் நெருப்பு கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நின்றுவிட்டால் டைனமோ போய்விட்டது என்று தீர்ப்பளிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உங்கள் வண்டியில் செய்யவும் விடாதீர்கள். பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். இன்ஜின் கணினியும், ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகளும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. ஓட்டையைத் தேடப் போய் கூரையையே இழக்க நேரிடும்.

முதல் அளவு: வண்டி ஓய்ந்திருக்கும்போது

இரவு முழுக்க நின்ற வண்டியில், கதவுகளைத் திறந்து மூடாமல், பானட்டை மட்டும் திறந்து பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். சாதாரண ஈய அமில பேட்டரியில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 11.8-க்குக் கீழே போய்விட்டால் கையிருப்பு தீர்ந்தது. அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். வகை பேட்டரியில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் 12.9, 13.0 என்று பொய் சொல்லும். அது தகடுகளின் மேல்பரப்பில் மட்டும் நிற்கும் சார்ஜ். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் பொறுத்து அளந்தால் உண்மை தெரியும்.

இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். முதலில் சார்ஜரில் போட்டு நிரப்புங்கள். பாதி காலியான பேட்டரி நல்ல ஆல்டர்னேட்டரையும் கெட்டதுபோல் காட்டும், நல்ல ஸ்டார்ட்டரையும் கெட்டதுபோல் காட்டும். அவசரத்தில் பலரும் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

அறிகுறி: "டக் டக்" என்ற சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் சுற்றவில்லை

மீட்டரை பேட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நிறைந்த பேட்டரி, மிதமான தட்பவெப்பத்தில், செல்ஃப் சுற்றும்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 12.6-இல் இருந்து நேராக 8-க்கோ 7-க்கோ விழுந்தால் பேட்டரிக்குள் உள்ள அறைகளில் (செல்) ஒன்று போய்விட்டது. வோல்ட் இருக்கிறது, வலு இல்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைத்த பேட்டரி என்றால் இதில் வியப்பில்லை.

ஆனால் சாவியைத் திருப்பும்போது மீட்டர் 12.3-லேயே அசையாமல் நின்று, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். மின்சாரம் பேட்டரியை விட்டு வெளியே போகவே இல்லை. டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, கம்பி பிரஷால் உலோகம் மினுங்கும்வரை தேய்த்து இறுக்குங்கள். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் கிளாம்பின் உட்புறம் கறுத்திருக்கலாம், கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றும் முன் ஒன்று: சில வண்டிகளில் ரேடியோ ரகசிய எண் கேட்கும், அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெர்மினல் சரி என்றால் எர்த். இன்ஜினுக்கும் பாடிக்கும், பாடிக்கும் பேட்டரிக்கும் இடையே ஓடும் அந்தத் தடித்த வயரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மற்றொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃபைச் சுற்றுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் இந்தப் பழுது பிடிபடாது. செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது வெறும் 0.01 ஓம் தடைகூட 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும், அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் காட்டவே காட்டாது. ஆகவே சுமை ஓடும்போது வோல்ட்டில் அளப்பதே வழி.

நான் பார்த்த ஒரு வண்டியில் அந்த அளவு 0.9 வோல்ட் காட்டியது. எர்த் வயரின் கறுப்பு உறை புதிதுபோலவே இருந்தது. கழற்றி இரண்டு கையாலும் வளைத்தபோது உள்ளே நறநறவென்று மணல் அரைபடுவதுபோல் சத்தம். உறையைக் கீறினேன், செம்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து பச்சைப் பொடி கொட்டியது. மூன்று நான்கு இழைகள்தான் உயிரோடு இருந்தன. அதற்கு முன் அந்த வண்டிக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரே மாற்றப்பட்டிருந்தது.

அறிகுறி: ஓடும்போது பேட்டரி விளக்கு எரிகிறது

வரவு நின்றுவிட்டது என்பதற்கான நேரடி எச்சரிக்கை இது. முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பேட்டரி விளக்கும் எரிந்து இன்ஜின் வெப்பமும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அங்கேயே ஓரமாக நிறுத்திவிடுங்கள். இன்னும் சிறிது தூரம்தானே என்று ஓட்டினால் இன்ஜினே போகும்.

வெப்பம் ஏறவில்லை என்றால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.7 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது, கோளாறு விளக்கின் வயரிங்கில். 12.5-க்கும் கீழே இருந்து நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் பழைய வகை பெல்ட் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உள்வாங்கலாம். தொளதொளவென்று இருந்தால் வழுக்குகிறது. ஸ்டார்ட் செய்த உடனே, அல்லது ஹெட்லைட் போட்டதும் கீச்சென்று கத்துவது இதனால்தான். இப்போதைய பெல்ட்டுகள் வெடிப்பு விடாமலே தேய்ந்துபோகின்றன. ஆகவே மேல்பக்கம் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், திருப்பி உள்வரிகளின் பள்ளம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

பெல்ட் நன்றாக இருந்தால் ஆல்டர்னேட்டரின் பின்புறம் உள்ள தடித்த வயர். இன்ஜின் அணைந்திருக்கும்போதும் அந்த போல்ட்டில் பேட்டரியின் வோல்டேஜ் அப்படியே இருக்க வேண்டும். இல்லை என்றால் இடையில் உள்ள பெரிய ஃபியூஸ் எரிந்திருக்கிறது. யாராவது ஜம்பர் கேபிளை பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாற்றிப் போட்டிருந்தால் முதலில் பலியாகும் பாகங்களில் அது ஒன்று.

வயரும் ஃபியூஸும் சரி, ஆனாலும் சார்ஜ் இல்லை என்றால் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் உடம்பில் ஸ்பேனரின் பிடியால் மெல்லத் தட்டுங்கள், கையையும் சட்டையையும் பெல்ட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு. தட்டியதும் சார்ஜ் உயிர் பெற்றால் கார்பன் பிரஷ் தேய்ந்து, சுழலும் வளையத்தைச் சரியாகத் தொடாமல் நிற்கிறது என்று பொருள். பல மாடல்களில் பிரஷும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் ஒரே கட்டாக வரும். அதை மட்டும் மாற்றினால் போதும், முழு ஆல்டர்னேட்டர் வேண்டாம்.

அறிகுறி: சாவி போட்டாலும் பேட்டரி விளக்கு எரிவதே இல்லை

விளக்கு எரியவில்லையே, நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன், சாவி போட்ட நிலையில் அது எரிந்தே ஆக வேண்டும். பழைய அமைப்புகளில் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான தொடக்க மின்சாரமே அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜும் போகலாம். புதிய வண்டிகளில் இந்தக் கட்டளை கணினி வழியாக வருகிறது. அங்கே ஆல்டர்னேட்டரின் சிறிய சாக்கெட் கழன்றிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அறிகுறி: விளக்கு எரியவில்லை, ஓடும்போது சார்ஜும் இருக்கிறது, ஆனாலும் பேட்டரி நிறைவதில்லை

இதுதான் ஆளை ஏமாற்றும் பழுது. இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் வைத்து, ஹெட்லைட், ஏ.சி. காற்றாடி, பின் கண்ணாடிச் சூடு எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். சுமை இல்லாமல் 14.2 காட்டிய வண்டி இப்போது 13-க்குக் கீழே விழுந்தால் பழுது வெளியே வந்துவிட்டது.

சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின் போல்ட்டிலும் மற்றொன்றை பேட்டரி பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்த வயரிலோ இணைப்பிலோ வழிப்பறி நடக்கிறது. அதேபோல் ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்குள் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் 14.4 தருகிறது, பேட்டரிக்கு 13.4-தான் வந்து சேர்கிறது என்றால் மாற்ற வேண்டியது வயர்.

இரண்டு பாதையும் சரியாக இருந்தால் மீட்டரை மாறு மின்னோட்ட வோல்ட்டுக்கு மாற்றி, பேட்டரி முனைகளில் மீண்டும் அளந்து பாருங்கள். ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது மாறு மின்சாரம். டயோடுகள்தாம் அதை நேராக்குகின்றன. எல்லா டயோடும் நலமாக இருந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டி இருக்கும். 0.5-ஐத் தாண்டினால் டயோடு ஒன்று போய்விட்டது. அப்படிப்பட்ட ஆல்டர்னேட்டர் சும்மா ஓடும்போது 14 வோல்ட் காட்டி நல்ல பெயர் வாங்கும், சுமை வந்ததும் கைவிடும். பேட்டரி விளக்கு மங்கலாக மினுமினுப்பதும், ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தமும் இதன் துணை அறிகுறிகள்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் கணினி எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரை வேண்டுமென்றே தளர்த்தும். பேட்டரி நிறைந்திருக்கும்போது சீரான ஓட்டத்தில் 12.6, 12.8 என்று காட்டுவது பழுதல்ல. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். பெரும்பாலும் 14-ஐத் தாண்டும்.

அறிகுறி: ஓடும்போது எல்லாம் சரி, நிறுத்தி வைத்தால் இறங்கிவிடுகிறது

வரவில் குறையில்லை, செலவு மிஞ்சுகிறது. எல்லாக் கார்களும் அணைந்த பிறகும் சிறிது மின்சாரம் எடுக்கும். கடிகாரம், அலாரம், கணினிகளின் நினைவு என்று 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. ஒரு நாளுக்கு அது 1.2 ஆம்பியர் மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு), சில வாரம் தாங்கும். ஆனால் டேஷ்போர்டு பெட்டிக்குள் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் நாளுக்கு 10 ஆம்பியர் மணி போகும். 45 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றாம் நாள் காலையில் முனகத் தொடங்கிவிடும். உங்கள் பேட்டரி எத்தனை நாளில் படுக்கிறது என்பதை வைத்தே திருட்டின் அளவைத் தோராயமாகக் கணக்கிடலாம்.

அளக்கும் முறை இது. சாவியை வெளியே எடுங்கள். சாவியில்லாமல் திறக்கும் வகை என்றால் அதை வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். கதவைத் திறந்து வைத்து வேலை செய்ய வேண்டுமானால், கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நம்பும். வேலை முடிந்து கதவைச் சாத்தும் முன் கொக்கியை விடுவிக்க மறக்காதீர்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே மீட்டரைப் புகுத்துங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் போட்டால் மீட்டரின் ஃபியூஸ் எரிந்துவிடும்.

தொடக்கத்தில் சில ஆம்பியர்கூடக் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டியின் கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்க 20 முதல் 30 நிமிடம் ஆகும், சில வண்டிகளில் ஒரு மணி நேரமும் ஆகும். இந்தப் பொறுமை இல்லாமல் முதல் ஐந்து நிமிட அளவைப் பார்த்துவிட்டுத் தேடத் தொடங்கினால் இல்லாத பழுதைத் துரத்துவீர்கள்.

எல்லாம் தூங்கிய பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேலே நின்றால் ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி மீட்டர் எப்போது விழுகிறது என்று பார்ப்பது பழைய முறை. அதில் ஒரு தொல்லை உண்டு: திரும்பச் சொருகும்போது தூங்கிய கணினி விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் பிடுங்குவதில்லை. ஃபியூஸின் தலையில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும்; மில்லி வோல்ட்டில் வைத்து அவற்றைத் தொட்டுக்கொண்டே போவேன். சுழியம் என்றால் அதில் மின்சாரம் ஓடவில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸில் 3 மில்லி வோல்ட் காட்டினால் ஏறத்தாழ 0.4 ஆம்பியர் போகிறது. திருடன் அந்த வரிசையில்தான் இருக்கிறான்.

வழக்கமாக அகப்படுபவை: டிக்கி விளக்கு, டேஷ்போர்டுப் பெட்டி விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பிறகு பொருத்திய கேமரா, டிராக்கர், ஆடியோ ஆம்ப்ளிஃபயர். வெளியே வாங்கிப் பொருத்தியவற்றின் மேல் எனக்கு எப்போதும் முதல் சந்தேகம். சாவியோடு அணையும் வயரில் கொடுக்க வேண்டியதை நேரடி வயரில் கொடுத்திருப்பார்கள்.

எந்த ஃபியூஸிலும் எதுவும் இல்லை, ஆனால் மீட்டர் மட்டும் ஆம்பியர் கணக்கில் காட்டுகிறது என்றால்? என் காரில் நடந்தது அதுதான். விடியற்காலையில், பனி இறங்கிய பானட்டைத் திறந்து, எதையோ தேடி ஆல்டர்னேட்டரின் மேல் கையை வைத்தேன். சுற்றிலும் எல்லா இரும்பும் சில்லென்று இருக்க, அது மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றிபோல் கதகதவென்று இருந்தது. வண்டி நின்று பத்து மணி நேரம் ஆகியிருந்தது. நெகட்டிவைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை எடுத்து, இன்சுலேஷன் டேப் சுற்றித் தனியே வைத்துவிட்டு மீண்டும் அளந்தபோது, 3 ஆம்பியருக்கு மேல் இருந்தது 30 மில்லி ஆம்பியருக்கு வந்துவிட்டது. உள்ளே பழுதான டயோடு வழியாக மின்சாரம் புகுந்து, சுழலியின் வைண்டிங்கை இரவு முழுக்கச் சூடாக்கிக்கொண்டிருந்தது. பகலில் வரவு வைத்ததும் இரவில் எடுத்துக்கொண்டதும் ஒரே பாகம். அதனால்தான் ஓடும்போது அளந்தவர்கள் எல்லாரும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்றார்கள். பழைய பேட்டரி குற்றமற்றது. அதன்பின் அதை ஒருவரிடம் கொடுத்தேன், அவர் வண்டியில் நெடுநாள் உழைத்தது.

அறிகுறி: பல்புகள் அடிக்கடி எரிந்துபோகின்றன, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது

வரவு அளவுக்கு மீறுகிறது. ஓடும்போது 15 வோல்ட்டைத் தாண்டி அங்கேயே நின்றால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரி கொதித்து, தண்ணீர் வற்றி, வயிறு உப்பும். நாற்றம் வரும் பேட்டரியின் அருகே குனியாதீர்கள்; வண்டியை நிறுத்தி, காற்றோட்டம் விட்டு, ரெகுலேட்டரை மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

பழுதைச் சரிசெய்த பிறகு

காலியான பேட்டரியை நிரப்பும் பொறுப்பை ஆல்டர்னேட்டரிடம் விடாதீர்கள். அது குறைந்ததை ஈடுகட்டச் செய்யப்பட்டது. அடிமட்டத்திலிருந்து நிரப்பச் சொன்னால் சூடேறி அதுவே போகும். பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில், அதாவது 45 ஆம்பியர் மணிக்கு 4.5 ஆம்பியரில், சார்ஜரில் இரவு முழுக்க வையுங்கள். புதுப் பேட்டரி போட்டிருந்து, நெகட்டிவ் கிளாம்பில் சிறிய சென்சார் உள்ள வண்டியாக இருந்தால், பேட்டரி மாறிய செய்தியைக் கணினிக்குப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

பிறகு வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்துங்கள். காலையில் முதல் வேலையாக ஓய்வு வோல்டேஜை அளந்து, தேதியோடு எழுதி பானட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு முறை. இரண்டு எண்ணுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் இன்னொரு கசிவு மிச்சம் இருக்கிறது. ஃபியூஸ் பெட்டியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.